இரண்டாம் வகுப்புக்கு, வேடம் போட்ட விலங்கை யாரும் விரட்டாத கதை வேண்டும்

கரும்பலகை:
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். எழுதப் படிக்கக் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு என்ற தொடக்க நிலையில் இருக்கும் ஒரு சிறுமி, படக்கதைப் புத்தகத்தை எடுத்தால் கடகடவென்று வாசிப்பாள். கூர்ந்து பார்த்தால் விரல் முதல் வரியில் நிற்கும். வாய் மூன்றாம் வரிக்குப் போயிருக்கும். அத்தனையும் காதால் கேட்ட மனப்பாடம். நன்றாகப் படிக்கும் மலர் நிலைப் பிள்ளைகள் முன்னால் தனக்குப் படிக்கத் தெரியாது என்று காட்டிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

சென்ற வாரம் நீலநரிக் கதை. சாயம் வெளுத்து, எல்லா மிருகங்களும் நரியை விரட்டும் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டாள். "டீச்சர், எல்லாரும் சேர்ந்து ஏன் அடிக்கிறார்கள்?" என்றாள். அன்று முழுவதும் அவள் வேறு புத்தகத்தைத் தொடவில்லை. வேடம் போட்ட விலங்கை நண்பர்கள் சேர்த்துக்கொள்கிற, பக்கத்துக்கு ஒரு வரி உள்ள கதை தெரிந்தால் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
டீச்சர், அந்தக் கதையைக் கைவிட வேண்டாம். பஞ்சதந்திரத்தில் உள்ளபடி சொல்லிப் பாருங்கள். சண்டரவன் என்ற அந்த நரி ராஜாவாக ஆசைப்பட்டுச் சாயத்தில் குதிக்கவில்லை. பசியோடு ஊருக்குள் வந்தது, நாய்கள் துரத்தின, உயிருக்குப் பயந்து ஒளிந்த இடத்தில் அவுரிச் சாயத் தொட்டி இருந்தது. காட்டுக்குத் திரும்பியதும் மற்ற விலங்குகள்தாம் முதலில் மிரண்டு ஓடின. அது செய்த பெரிய தப்பு, ராஜாவான பிறகு தன் இனத்து நரிகளைத் துரத்தியது. பின்னொரு நாள் தூரத்தில் நரிகள் ஊளையிட்டபோது அதற்கு மயிர் சிலிர்த்தது, ஆனந்தக் கண்ணீர் வந்தது, எழுந்து நின்று தானும் ஊளையிட்டது. பல குழந்தைப் பதிப்புகள் இதை விட்டுவிட்டு மழையில் சாயம் வெளுத்தது என்று முடிக்கின்றன. எனக்கு அதில் தீராத வருத்தம். மூலத்தில் நரியைக் கொன்றுவிடுகின்றன. அதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊளையோடு நிறுத்துங்கள்.

மாந்தோப்பு:
மாமரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருந்தால் காட்டுங்கள். அவற்றின் பக்கத்திலேயே, அதே செந்நிறத்தில், எறும்பைப் போலவே ஒரு சிலந்தி திரியும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்பு போல ஆட்டும். கால்களை எண்ணச் சொல்லுங்கள், எட்டு வரும். தொந்தரவு செய்தால் நூல் விட்டுத் தொங்கும். தன்னைத் தின்ன வருபவர்களிடமிருந்து தப்பவே அதற்கு இந்த வேடம் என்று என் பேரனுக்குச் சொல்லியிருக்கிறேன். முசுறு கடிக்கும், பிள்ளைகளைச் சற்றுத் தள்ளியே நிறுத்துங்கள்.

கரும்பலகை:
ஏட்டுச்சுவடி ஐயா, நேற்று ஊளையோடு நிறுத்தி, "மிச்சத்தை நீ சொல்" என்றேன். அவள் சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

நரி அழுதது.
நரி ஊ என்றது.
எல்லா நரியும் வந்தன.
ஒரு நரி நக்கிப் பார்த்தது.
நீலம் கசக்குது என்றது.

வாசிக்கச் சொன்னதும் வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. 'ஊ' வந்த இடத்தில் மட்டும் விரலும் வாயும் ஒன்றாக நின்றன. பிறகு எழுந்து ஓடி, சுவரில் தொங்கும் உயிரெழுத்து அட்டையில் ஆறாவது எழுத்தைத் தொட்டாள். மாந்தோப்பு அம்மா, பள்ளிக்குப் பின்னால் ஒரு மாமரம் இருக்கிறது. நாளை சிலந்தி தேடப் போகிறோம்.