மிட்சுபிஷி: இன்ஜினை நம்பலாம், கம்பெனியை நம்பலாமா?

பாலாறு

மிட்சுபிஷியின் பழைய பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் ஜீப்போ செடியா காரோ வாங்கலாமா என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்க, மிட்சுபிஷி மாதிரி வராது." அப்புறம் பாலைவன டக்கார் ராலி, லான்சர் எவோ கார், அதில் ராலி ஜெயித்த டோமி மாக்கினென் என்று பேச்சு போய்விடுகிறது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. இதே கம்பெனி 20 வருடங்களுக்கு மேல் வாடிக்கையாளர் புகார்களை அரசாங்கத்துக்குக் காட்டாமல் மறைத்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா?

2000-ல் ஜப்பான் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு துப்பு கிடைத்தது. அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். ஊழியர்கள் உடை மாற்றும் அறையின் லாக்கரில் புகார்க் கோப்புகள் இருந்தன. 1977-லிருந்தே இந்தப் பழக்கம் நடந்திருக்கிறது. ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்கிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தால் பெயர் கெடும், செலவும் ஆகும் என்று, வண்டி சர்வீசுக்கு வரும்போது சத்தமில்லாமல் பாகத்தை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். தலைவர் கட்சுஹிகோ கவசோயே பதவி விலகினார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன். 2002 ஜனவரியில் யோகோஹாமாவில் ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி கனரக வண்டியின் சக்கரம் ஒன்று கழன்று ஓடி, இரண்டு பிள்ளைகளோடு நடந்துபோன 29 வயது தாய் மேல் மோதியது. அவர் இறந்துபோனார். வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை, சக்கரத்தைத் தாங்கும் ஹப் தேய்ந்துவிட்டது என்று கம்பெனி சொன்னது. அதாவது பழி வண்டிக்காரர் தலையில். ஹப்பின் வடிவமைப்பிலேயே குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள 2004 ஆனது.

இப்படிப்பட்ட கம்பெனியின் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வது சரியா?

செடியாக்காரன்

பாலாறு சார், நீங்கள் சொன்ன சம்பவங்கள் நடந்தவைதான். அந்தத் தாயின் சாவை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் லாரிப் பிரிவு செய்ததை செடியா தலையில் கட்டுவது நியாயமில்லை. லாரிப் பிரிவு 2003-ல் ஃபூசோ என்று தனி நிறுவனமாகப் பிரிந்து, பிறகு டெய்ம்லர் கைக்குப் போய்விட்டது.

நான் செடியா ஓட்டுகிறேன், கோயம்புத்தூரில். திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஒருங்கிணைத்த வண்டி. 2 லிட்டர் பெட்ரோல், 115 குதிரைசக்தி, பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். வால்பாறை மலைப்பாதையில் அந்தச் சஸ்பென்ஷன் வளைவைப் பிடிப்பது மாதிரி, இன்று அதே விலைக்குக் கிடைக்கும் எந்தப் புது வண்டியும் பிடிக்கவில்லை என்பது என் அனுபவம். எம்ஆர்எஃப் அணி தேசிய ராலிகளில் செடியாவை நம்பி இறங்கியது சும்மா இல்லை.

எனக்கு வந்த ஒரே பெரிய தொல்லை வண்டியால் வந்ததில்லை. ஒரு பணிமனையில் டூப்ளிகேட் டைமிங் பெல்ட்டை ஒரிஜினல் என்று போட்டுக் கொடுத்தார்கள். அது அறுந்து வால்வு வளைந்து, ஹெட்டைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. பணிமனையின் பெயர் வேண்டாம். இன்ஜின் பழுதுபார்த்த பிறகு இன்றுவரை குறை சொல்ல எதுவுமில்லை.

நாகோயா தமிழன்

நான் ஐச்சி மாகாணத்தில் வேலை செய்கிறேன். மிட்சுபிஷியின் ஒகசாகி ஆலையும் இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

செடியாக்காரன் அண்ணா, லாரிப் பிரிவு பிரிந்தது உண்மை. ஆனால் அந்த ஹப் வடிவமைக்கப்பட்டபோதும், யோகோஹாமா விபத்து நடந்தபோதும் எல்லாம் ஒரே கம்பெனிதான். 2002 அக்டோபரில் யமகுச்சியில் இன்னொரு மிட்சுபிஷி லாரி விபத்தில் அதன் ஓட்டுநர் இறந்தார். அதற்குக் காரணம் கிளட்ச் ஹவுசிங்கில் (கிளட்ச்சை மூடியிருக்கும் உறையில்) இருந்த குறை. கார் கம்பெனியின் முன்னாள் தலைவர் கவசோயேயைக் கைது செய்து தண்டனை வாங்கிக் கொடுத்தது அந்த வழக்கு.

கார்ப் பக்கத்திலும் கதை இருக்கிறது. 2016 ஏப்ரலில், ஈகே வேகன் போன்ற சிறிய கேய் கார்களின் மைலேஜ் கணக்கைத் திருத்தியதை ஒப்புக்கொண்டார்கள். 6,25,000 வண்டிகள். அதில் 4,68,000 நிசானுக்காகச் செய்து கொடுத்தவை. சொந்தமாக அளந்து பார்த்த நிசான்தான் எண்கள் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடித்தது. தோண்டிப் பார்த்தால் விதிக்குப் புறம்பான சோதனை முறை 1991-லிருந்தே நடந்திருக்கிறது. இதைவிட எனக்கு வலித்தது அடுத்து நடந்தது: சரியாக அளந்து தருகிறோம் என்று மறுபடி அளந்தபோதும் தங்களுக்குச் சாதகமான எண்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அமைச்சகம் அதையும் கண்டுபிடித்து, இன்னும் எட்டு மாடல்களின் விற்பனையை நிறுத்த வைத்தது.

உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 1,00,000 யென் இழப்பீடு கொடுத்தார்கள். கம்பெனியின் 34 சதவீதப் பங்கை 23,700 கோடி யென்னுக்கு நிசான் வாங்கியது. குற்றத்தைக் கண்டுபிடித்தவரே முதலாளியானார்.

கிரீஸ் கை

சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். தம்பிகளா, கம்பெனி நடத்துபவர் வேறு, இன்ஜின் வரைபவர் வேறு. ரெண்டையும் ஒரே தராசில் போடாதீங்க.

நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு ஒரு நடுக்கம் உண்டு. அதை அடக்க இரண்டு எதிர் எடைத் தண்டுகளைச் சுற்றவிடும் யோசனை லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயருடையது. 1975-ல் அதைப் பெரிய அளவில் கார்களில் ஓடவைத்தது மிட்சுபிஷி. சைலன்ட் ஷாஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். போர்ஷே 944 செய்யும்போது அவர்களிடம்தான் உரிமம் வாங்கியது. ஜெர்மன்காரன் ஜப்பானிடம் காசு கொடுத்து வாங்கிய விஷயம் இது. 1996-ல் காலன்ட் காரில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஜிடிஐ இன்ஜினைப் பெரும் எண்ணிக்கையில் முதலில் விற்றதும் அவர்களே. இன்றைக்கு எல்லாக் கம்பெனியும் செய்வது அதைத்தான்.

நல்லதைச் சொன்ன வாயால் கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். நேரடியாகப் பீய்ச்சும்போது வால்வு மேல் பெட்ரோல் பட்டுக் கழுவிவிடும் வேலை நின்றுபோகிறது. கரி படிகிறது. முதல் தலைமுறை ஜிடிஐ அந்த வியாதியோடுதான் வந்தது. சைலன்ட் ஷாஃப்டுக்கும் பல இன்ஜின்களில் தனி பெல்ட் இருக்கும். 4ஜி63, 4டி56 ரெண்டிலும் அப்படித்தான். அந்தச் சின்ன பெல்ட் அறுந்து பெரிய டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் இன்ஜின் போச்சு. மாற்றும்போது ரெண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். காசு மிச்சம் என்று பெரியதை மட்டும் மாற்றினால் அதன் பலனை வண்டிக்காரர்தான் அனுபவிப்பார். எஸ்எஃப்எக்ஸ்ஸில் இருக்கும் 4எம்40 டீசலுக்குச் செயின், பெல்ட் தொல்லை இல்லை. ஆனால் சூடேறினால் ஹெட் விரிசல் விடும்.

செடியாக்காரனுக்கு நடந்தது மாதிரி பட்டறைக்காரர் செய்யும் தவறுக்கு மிட்சுபிஷி பெயர் கெடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வவுனியா வாசி

எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்கிறேன். இலங்கையில் லான்சர் பாவித்த குடும்பங்கள் ஏராளம். என் தகப்பனாரின் லான்சர் இப்போது என்னிடம். டெலிகா வான் இல்லாத ஊரும் இருக்காது. பஜிரோ என்றால் மட்டும் எங்கள் சனங்களுக்கு அமைச்சர்மாரின் வாகனம். அது ஒழுங்கையால் வந்தால் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கும் காலம் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். என் லான்சர் அந்தக் காலத்தில் ஒருநாளும் என்னை நடுவீதியில் விட்டதில்லை. கராஜில் எந்தப் பொடியனுக்கும் அந்த இன்ஜின் தெரியும், உதிரிப்பாகமும் கிடைக்கும்.

அதனால் பாலாறு ஐயா கேட்கும் கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை மாறும். நல்ல வாகனமா என்பதோடு, அதைத் திருத்தத் தெரிந்த ஆள் அருகில் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

பாலாறு

வவுனியா நண்பர் சொன்னது முக்கியமான விஷயம், ஏனென்றால் தமிழ்நாட்டில் அது நேர்மாறாக நடந்தது. லான்சர் திருவள்ளூரில் வந்தது 1998. அதே வருடம் அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவைக் கொண்டுவந்தது. 1975-ல் ஹூண்டாய் தன் முதல் சொந்தக் காரான போனியைச் செய்தபோது இன்ஜின் கொடுத்ததே மிட்சுபிஷிதான். குரு ஒரு பக்கம், சீடன் ஒரு பக்கம், நடுவில் சென்னை.

சீடன் புதுப்புது வண்டியாக இறக்கினான். குரு என்ன செய்தார்? ஜப்பானில் 2000-ல் வந்த செடியாவை இங்கே 2006-ல் கொடுத்தார். ஜப்பானில் 1991-ல் வந்த பஜேரோவை இங்கே 2012 வரை விற்றார். இன்று இந்தியாவில் புது மிட்சுபிஷி கார் விற்பனையே இல்லை. திருவள்ளூரில் இப்போது சிட்ரோயன் தயாராகிறது. நம்பி வாங்கியவர்களை நடுவழியில் இறக்கிவிட்டு விலகிப்போனதையும் நான் நம்பிக்கைக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

செடியாக்காரன்

ரீகாலை மறைத்தது மிட்சுபிஷி மட்டும்தானா? பாதுகாப்புக் குறையை மறைத்ததற்காக டொயோட்டா 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது. டொயோட்டாவின் கையில் இருக்கும் டைஹட்சுவில் 64 மாடல்களின் சோதனைகளில் முறைகேடு என்று 2023 டிசம்பரில் விசாரணைக் குழு சொன்னது. 2024-ல் ஹோண்டா, மஸ்தா பெயர்களும் வந்தன. இவர்களை மன்னித்து வரிசையில் நின்று முன்பதிவு செய்கிறோம். மிட்சுபிஷியை மட்டும் ஏன் கழுவேற்ற வேண்டும்?

1917-ல் கோபே கப்பல் கட்டும் தளத்தில் கையால் 22 மாடல் ஏ கார்கள் செய்து தொடங்கிய கம்பெனி இது. ஜப்பானில் வரிசையாகத் தயாரித்த முதல் கார் அதுதான். 1974-ல் கென்யாவின் ஜோகிந்தர் சிங் லான்சரில் சஃபாரி ராலியை வென்றார். 1976-ல் மறுபடி வென்றார், அந்த முறை முதல் மூன்று இடமும் லான்சருக்கே. 2001-ல் டக்காரை வென்ற முதல் பெண்ணான யூட்டா கிளைன்ஷ்மிட் ஓட்டியது பஜேரோ. டக்கார் வெற்றி மொத்தம் 12, அதில் ஏழு தொடர்ச்சியாக. பாலைவனத்தில் பொய்க்கணக்கு எழுதி ஜெயிக்க முடியாது சார். மணலில் ஓடிய இரும்பு அது.

நாகோயா தமிழன்

அண்ணா, உங்கள் பட்டியல் சரியானது, டொயோட்டாவையும் டைஹட்சுவையும் நானும் விடமாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மிட்சுபிஷி 2000-ல் பிடிபட்டு மன்னிப்புக் கேட்டது. எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டோம் என்றது. அதற்குப் பிறகுதான் யோகோஹாமாவில் அந்தத் தாய் இறந்தார். ஹப் பற்றிய உண்மையை 2000-லேயே சொல்லி, அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தால் அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். முதல் தவறை மன்னிக்கலாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறைத்ததை எப்படி மன்னிப்பது?

பஜேரோ ராலியில் ஜெயித்ததைச் சொன்னீர்கள். 2001, 2002, 2003 என்று டக்காரை வென்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. திறமை இல்லாத கம்பெனி என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

கிரீஸ் கை

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பிரேக்கையோ ஹப்பையோ பற்றித் தெரிந்தும் சொல்லாமல் வண்டியை வெளியே விடுவது எங்கள் தொழிலில் மிகப் பெரிய பாவம். பட்டறையில் வேலை பார்க்கும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது அதுதான்.

ஆனாலும் என்னிடம் ஒருவர் எஸ்எஃப்எக்ஸ் வாங்கலாமா என்று கேட்டால் வாங்காதே என்று சொல்லமாட்டேன். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார், ஸ்டார்ட் செய்தபின் தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஹெட்டில் விரிசல் கண்டிருக்கலாம் என்று சொல்வேன். பெல்ட் உள்ள 4டி56 இன்ஜினோடு வரும் பஜேரோ ஸ்போர்ட்டாக இருந்தால் பெல்ட் மாற்றிய பில் கேட்பேன். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

பாலாறு

இதைத்தான் அண்ணா நான் முதலிலிருந்தே கேட்கிறேன். கண்ணைத் திறந்து வாங்கச் சொல்லுங்கள். வண்டியின் சேசிஸ் நம்பரை வைத்து அந்த மாடலுக்கு என்னென்ன ரீகால் வந்தது, அந்த வேலை செய்யப்பட்டதா என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது கை மாறிய வண்டிக்கு ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்கே போயிருக்கலாம். வாங்குபவர் கேட்காவிட்டால் அந்தத் தகவல் அவரிடம் வந்து சேராமலே போகலாம்.

செடியாக்காரன்

அதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் வண்டியை விற்கமாட்டேன். கிரீஸ் கை அண்ணா, செடியாவின் 4ஜி94-க்கு நல்ல பெல்ட்டும் டென்ஷனரும் சேலத்தில் எங்கே வாங்குகிறீர்கள்? தனிச்செய்தியில் அனுப்புங்கள். இந்த முறை நானே பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்வேன்.