ஆனி ஆடியில் காலியான தேனீப் பெட்டி: உங்களுக்கு என்ன நடந்தது?

குலசேகரம் பக்கம்

ரப்பர் தோட்டத்துக்குள்ள 20 பெட்டி வச்சிருந்தேன். எல்லாம் நியூட்டன் பெட்டி, ஏழு சட்டம் பிடிக்கிற சின்ன மரப்பெட்டி. நம்ம நாட்டுத் தேனீ. மாசி பங்குனியில ரப்பர் துளிர்க்கும்போது தேன் நல்லா வந்துச்சு. வெளியூர்க்காரங்க கேட்டா நம்ப மாட்டாங்க, அந்தத் தேன் பூவுல இருந்து வர்றதே இல்ல. மூணு இலையும் சேர்ற காம்பு முனையில ஊறுற சாறுதான். இலை முத்திட்டா அதுவும் நின்னுடும். அப்புறம் மழை.

நான் பண்ணுன தப்பைச் சொல்லிடுறேன். சித்திரை கடைசியில பிழிஞ்சு முடிச்சதும் வேற வேலைக்கு ஓடிட்டேன். ரெண்டு மாசம் ஒரு பெட்டியையும் திறக்கல. சர்க்கரைப் பாகும் வைக்கல. ஆடி பிறந்ததும் ஒரு பெட்டி மூடியைத் தூக்குறேன், சத்தமே இல்ல. மூடியைத் தூக்கினதும் வர்ற அந்த ‘ம்ம்ம்’ எங்க போச்சுன்னு குனிஞ்சு பார்த்தா, ஈ அடை கட்டுற மரச்சட்டம் ஏழும் ஒண்ணோட ஒண்ணு நூலாம்படையில ஒட்டிக் கிடக்குது. அடைன்னு சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல. மிளகைப் பொடிச்சுப் போட்ட மாதிரி கறுப்பா புழுக்கை. மரத்தோட உள்பக்கத்தைக் குடைஞ்சு, பள்ளம் பறிச்சு, வரிசையா வெள்ளைக் கூடு கட்டி வச்சிருக்கு. தடவிப் பார்த்தா அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படுது. மெழுகு அந்துப்பூச்சி. 20-ல 11 பெட்டி போச்சு.

புழுவை எல்லாம் தட்டிக் கோழிக்குப் போட்டேன். கோழிக்கு மட்டும் அன்னைக்குத் திருவிழா.

வீட்டுக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டா: “புழு வந்ததால ஈ போச்சா, ஈ போனதால புழு வந்துச்சா?” பதில் சொல்லத் தெரியல. அதான் இங்க கேக்குறேன். உங்க பெட்டியில எது முந்துச்சு?

இன்னொண்ணு, காலியான அடையைப் பாதுகாக்கணும்னு பாச்சை உருண்டை போட்டு மூட்டை கட்டி வச்சேன். அந்த வாடை மெழுகுல ஏறிடுச்சு, அடுத்து வச்ச கூட்டம் அந்த அடைப் பக்கமே போகல. யாரும் அதைச் செய்யாதீங்க.


அருமனை

அண்ணாச்சி, எங்க மகளிர் குழுவுல ஆளுக்கு ரெண்டு பெட்டின்னு ஆரம்பிச்சோம். என்கிட்ட மட்டும் இப்ப ஏழு இருக்கு. அந்தையும் பார்த்திருக்கேன், ஆனா என்னை அழ வச்சது முசுறுதான், மரத்துல இருக்கிற செவ்வெறும்பு.

பெட்டி நிக்கிறது ஒற்றைக்கால் தாங்கியிலதான் நமக்கெல்லாம். நடுவுல கிண்ணம், அதுல தண்ணி. தண்ணி இருந்தா எறும்பு ஏறாதுன்னு நிம்மதியா இருந்தேன். அன்னைக்குக் கிண்ணத்துல தண்ணி நிறையவே இருந்துச்சு. நான் பார்க்காம விட்டது மேல. பலா மரத்துக் கொப்பு ஒண்ணு மழையில தாழ்ந்து பெட்டிக் கூரையைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. முசுறுக்கு அதுவே பாலம். அதுக்கு முந்தின நாள் மத்தியானம் சிரட்டையில பாகு வச்சேன், கொஞ்சம் பெட்டி மேலயே சிந்திட்டேன். துடைக்கணும்னு நெனச்சேன், பாப்பா அழுதா, மறந்துட்டேன்.

ராத்திரிக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. காலையில போனா ஈ எல்லாம் வாசலுக்கு வெளிய கொத்தாத் தொங்குது. உள்ள புழுவையும் கூட்டுப்புழுவையும் முசுறு இழுத்துக்கிட்டுப் போகுது. பத்து மணிக்கு வெயில் வந்துச்சு, கொத்து அப்படியே எழும்பித் தென்னந்தோப்பைத் தாண்டிப் போச்சு. பின்னாலேயே ஓடினேன். என்ன பிரயோஜனம்.

அந்தக் கூட்டம் வலுவான கூட்டம், ஆறு அடை நிறைய இருந்துச்சு. அதனால உங்க வீட்டுக்காரம்மா கேள்விக்கு என் பெட்டியில பதில், எறும்புதான் முதல்ல.

இப்ப செய்யறது: பாகு சாயங்காலம் மட்டும், பெட்டிக்குள்ள மட்டும், சிரட்டையில ரெண்டு ஈர்க்குச்சி போட்டு, இல்லாட்டி ஈ அதுல விழுந்து சாகும். சிந்தினா ஈரத்துணியால துடைச்சுட்டுத்தான் அடுத்த வேலை. கிண்ணத்துக்குக் கீழ காலைச் சுத்திப் பழைய என்ஜின் ஆயில் தொட்ட துணி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அருவாளோட ஒரு சுத்து, புல்லு, கொடி, கொப்பு எதுவும் பெட்டியைத் தொடக் கூடாது. கிண்ணத்துல காஞ்ச இலை ஒண்ணு விழுந்து கிடந்தாலும் எறும்புக்கு அது தோணிதான்.


தாண்டிக்குடி மலை

காப்பித் தோட்டம். எங்களுக்குக் கதண்டு, பெரிய குளவி.

மழை விட்டதும் வரும். வாசலுக்கு நேரா, ஒரு முழம் தள்ளி, அந்தரத்துல நிக்கும். மகரந்தத்தோட களைச்சு வர்ற ஈயை அப்படியே பிடிச்சுக்கிட்டு, பக்கத்துக் கிளையில உக்காந்து தலை, சிறகு, வயிறு எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு நெஞ்சுக் கறியை மட்டும் உருட்டி எடுத்துக்கிட்டுப் போகும். ஒரு நாள் எண்ணிப் பார்க்கலாம்னு உக்காந்தேன், அரை மணி நேரத்துல எண்ண மனசில்லாம எழுந்துட்டேன்.

ஆனா நாட்டு ஈயோட வேலையையும் அன்னைக்குத்தான் பார்த்தேன். கதண்டு கிட்ட வந்ததும் வாசல்ல நிக்கிற ஈ எல்லாம் சேர்ந்து வயித்தை ஆட்டும், அலை மாதிரி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஓடும். அதையும் மீறி ஒரு கதண்டு பலகையில இறங்குச்சு. அடுத்த நொடி அது மேல ஈப்பந்து. கொட்டுறது இல்ல அது. சிறகுத் தசையை முறுக்கிச் சூடு ஏத்துது. ஜப்பான்ல இதை அளந்து பார்த்திருக்காங்க, பந்துக்குள்ள 46, 47 டிகிரி வரைக்கும் போகுதாம். கதண்டு தாங்காது, ஈ அதுக்கு மேல கொஞ்சம் தாங்கும். அந்தச் சின்ன வித்தியாசத்துலதான் உயிர். கொஞ்ச நேரத்துல பந்து அவிழ்ந்துச்சு, கதண்டு செத்துக் கீழ விழுந்துச்சு.

பந்து கட்ட ஆள் வேணும்ல. அடுத்த பெட்டியில மூணு அடை ஈதான், அதுல கதண்டு நேரா உள்ளயே போயிட்டு வந்துச்சு. அதோட வாசலை ஒரே நேரத்துல ரெண்டு ஈ நுழையற அளவுக்குக் குறைச்சேன். மத்தியானம் பழைய ஷட்டில் மட்டையோட காவல், பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. மரத்துல கதண்டுக் கூடு இருந்தா நீங்களே தீ வைக்கப் போகாதீங்க. பல கதண்டு சேர்ந்து கொட்டினா ஆள் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னா வருவாங்க.


ஆண்டிபட்டி

என்கிட்ட இத்தாலியன் தேனீ. 60 பெட்டி, லாரியில ஏத்திக்கிட்டு முருங்கை, எள்ளு, சூரியகாந்தின்னு சுத்துவேன். மேல சொன்ன எதுவும் எனக்குப் பெரிய தொல்லை இல்ல. என் எதிரி கண்ணுல லேசுல படாது, வாசல் முன்னால மண்ணுல நடந்து போற ஈயை வச்சுத்தான் தெரியும். சிறகு கசங்கிப்போய்ப் பறக்க முடியாம ஊர்ந்து போகும். அப்படி நாலஞ்சு கண்டா உள்ள வரோவா உண்ணின்னு அர்த்தம்.

செவப்பா, தட்டையா, குண்டூசித் தலை அளவுல நண்டு மாதிரி இருக்கும். குஞ்சு அறையை மூடுறதுக்குக் கொஞ்சம் முந்தி உள்ள புகுந்து, மூடினதுக்கு அப்புறம் முட்டை போடும். நாட்டு ஈக்கு இது பூர்வீக உண்ணி, ஆண் ஈ அறையில மட்டும்தான் அதால பெருக முடியும். பத்தாததுக்கு நாட்டு ஈ ஒண்ணுக்கொண்ணு சுத்தம் பண்ணிக் கடிச்சுப் போட்டுடும். இத்தாலியன்கிட்ட வேலைக்கார ஈ அறையிலயும் பெருகுது, கணக்கு அங்கதான் கெடுது.

உண்ணியைக் கொல்ல முதல் தடவை பார்மிக் ஆசிட் வச்சேன். குப்பியில பஞ்சுத்திரி போட்டு உள்ள வைக்கணும்னு பயிற்சியில சொன்னாங்க. சித்திரை வெயில்ல வைக்கக் கூடாதுங்கிறதை நான் காதுல வாங்கல. ஆவி ஒரேயடியா ஏறி, நாலு பெட்டியில ராணி போச்சு. ஆசிட் பட்டு என் கையும் வெந்துச்சு. கையுறை இல்லாமத் தொடாதீங்க, தேன் வர்ற நேரத்துல வைக்கவே வைக்காதீங்க.

இப்ப மாசம் ஒரு தடவை, அடித்தட்டுல வெள்ளை அட்டையில வாசலின் தடவி வச்சு, மேல பொடிச்ச சர்க்கரையைத் தூவுறேன். ஈ உடம்பைத் தட்டிச் சுத்தம் பண்ணும், உண்ணி கீழ விழுந்து ஒட்டும். எத்தனை விழுதுன்னு பெட்டி வாரியா நோட்டுல எழுதி வைக்கிறேன். ஆண் ஈ அறை மூடின அடைத்துண்டையும் வெட்டி எடுத்துடுவேன், உண்ணி அதுலதான் அதிகம் போய் அடையும். மலைத்தேனீ கூடு தொங்குற இடத்துக்குப் பக்கத்துல பெட்டி இறக்குனா இன்னொரு சின்ன உண்ணி வருது, வரோவாவைவிட வேகமா ஓடும். அது குஞ்சு இல்லாமச் சில நாளுக்கு மேல தாங்காது, அதனால ராணி முட்டை போடுறதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாலே குறையுது.


நாகர்கோவில்

பஞ்சுருட்டான் வந்து கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்துடுது. பிடிச்ச ஈயைக் கம்பியில தேய்ச்சுக் கொடுக்கை எடுத்துட்டு முழுங்குது. கவட்டை வச்சு அடிக்கலாமா?


தாண்டிக்குடி மலை

வேண்டாம் தம்பி. சட்டப்படியும் தப்பு. அது கதண்டையும் பிடிக்கும், தும்பியையும் பிடிக்கும். பெட்டியைக் கம்பிக்கு நேரா வைக்காம, மரத்துக்கு உள்வாங்கி வைங்க. ராணி கலவிக்குப் பறக்குற நாள்ல மட்டும் பக்கத்துல நின்னு விரட்டுங்க, போதும்.


கொல்லிமலை

யாரும் சொல்லாததால சொல்றேன். ராத்திரி பெட்டிக்குள்ள எலி மாதிரி கீச்சுன்னு சத்தம். டார்ச் அடிச்சுத் திறந்தா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்து, முதுகுல மண்டையோடு வரைஞ்ச மாதிரி. தேன் குடிக்க வந்திருக்கு. எங்க பாட்டி பெட்டியையே தூக்கிப் போடச் சொன்னாங்க. வாசல் உயரத்தைக் குறைச்சேன், ஈ நுழையும், அதோட உடம்பு நுழையாது. பேய் போயிடுச்சு.


பத்துகாணி

எல்லாத்தையும் படிச்சேன். வலுவான கூட்டத்துக்கு ஒண்ணும் வராதுன்னு நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல.

1991-92. அப்ப எனக்கு 70 பெட்டி. இந்தக் குமரி மாவட்டத்துலயே வீட்டுக்கு வீடு பெட்டி இருந்த காலம், பிள்ளை படிப்பு, கல்யாணம் எல்லாம் அதுலதான். தாய்லாந்து சாக்புரூட்னு பின்னால பேர் சொன்னாங்க, ஈப்புழுவைக் கொல்ற வைரஸ். ஈ எப்பவும் போல வாசல்ல வந்து போகும், எனக்கு ஒண்ணும் வித்தியாசமாப் படல. சட்டத்தைத் தூக்கினா மூடி இல்லாத அறைகள்ல புழு தலையை மேல நீட்டிச் செத்துக் கிடக்கும். சின்னக் குச்சியால எடுத்தா உடையாம, தண்ணி நிறைஞ்ச பை மாதிரி முழுசா வரும். காஞ்சா தோணி மாதிரி வளைஞ்சுடும். ஏழு அடை ஈ நிறைஞ்ச பெட்டியும் போச்சு, மூணு அடைப் பெட்டியும் போச்சு. தென்னிந்தியா முழுக்க நாட்டு ஈயில பெரும்பகுதி அழிஞ்சுது. என்கிட்ட மிஞ்சினது 4.

மருந்து கிடையாது, இப்பவும் கிடையாது. நான் பண்ணுன பெரிய தப்பு என்னன்னா, செத்த பெட்டி அடையை எடுத்து, ‘நல்ல அடை வீணாப் போகுதே’ன்னு உயிரோட இருந்த பெட்டிக்கு வச்சேன். நோயை நானே தூக்கிக் கொடுத்திருக்கேன். அந்த 4 கூட்டத்துல இருந்துதான் பிரிச்சுப் பிரிச்சு மறுபடி பெருக்கினேன். ராணி வளர்க்க இன்னைக்கும் தாங்குன கூட்டத்துல இருந்துதான் எடுப்பேன். தேன் அதிகம் தர்ற கூட்டம் எனக்கு ரெண்டாம்பட்சம்.

குலசேகரம் தம்பி, அந்து உன் பெட்டிக்குப் பின்னாலதான் வந்திருக்கும்னு நெனக்கிறேன். முதல்ல பசி. ஆனா சந்தேகம் இருந்தா மிச்சம் இருக்கிற 9 பெட்டியைத் திறந்து பாரு, அதுலயே பதில் இருக்கும்.


குலசேகரம் பக்கம்

ஐயா சொன்னபடி ஒன்பதையும் திறந்தேன். செத்த புழு தலை நீட்டி எங்கயும் இல்ல, அந்தப் பயம் விட்டுச்சு.

எட்டுல பெரிசா ஒண்ணும் இல்ல, அடித்தட்டுல மட்டும் மெழுகுத்தூள், அதுக்குள்ள நூல் மாதிரி சின்னப் புழு. சுரண்டி எடுத்து எரிச்சேன், பெட்டிக்குக் கீழயே கொட்டல. ஒன்பதாவதுலதான் விஷயம். ஏழு சட்டத்துல மூணை மட்டும் ஈ மூடியிருந்துச்சு. அந்த மூணு அடையும் சுத்தம். ஈ போகாத நாலுலயும் நூலாம்படை. அதுலயும் பழைய கறுத்த அடையிலதான் அதிகம், இந்த வருசம் கட்டுன வெள்ளை அடையைப் பேருக்குத்தான் தொட்டிருக்கு. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துட்டு, “அப்ப நீங்க பாகு வைக்காததுதான் முதல்ல”ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அந்த நாலையும் எடுத்து அன்னைக்கே வெந்நீர்ல போட்டு உருக்கிட்டேன். மூணு அடைக்குப் பக்கத்துல தடுப்புப் பலகை வச்சேன். பெட்டி இடுக்கை எல்லாம் மெழுகால அடைச்சேன். தேன் அறைச் சட்டத்துல நல்லதாப் பத்து இருந்துச்சு, பாலித்தீன் பையில கட்டி ஃப்ரீசர்ல ஒரு நாள் வச்சு எடுத்தேன், முட்டைகூட அதுல சாகும். மீன் வைக்க இடமில்லன்னு வீட்டுல சண்டை. சாயங்காலம் ஒன்பது சிரட்டை பாகு வச்சேன், அருமனை அக்கா சொன்ன ஈர்க்குச்சியோட.

இன்னைக்குப் பதினோராம் நாள். மூணு அடைக்காரங்க பலகைப் பக்கத்துல புதுசா உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை அடை இழுத்திருக்காங்க. ராணி முட்டை போட்டிருக்கா. கிண்ணத்துல தண்ணி இருக்கு, இலை ஒண்ணு விழுந்து கிடந்துச்சு, எடுத்துப் போட்டுட்டு வந்தேன்.