கப்பலில் இரவு உணவுக்கு நிலையான நேரமா, விருப்ப நேரமா? இன்சுலின் போடும் தந்தையுடன் எட்டுப் பேர் செல்கிறோம்

கேள்வி: சத்துவாச்சாரி, வேலூர்

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் நாங்கள் எட்டுப் பேர் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் செல்கிறோம். மரினா பே துறைமுகத்தில் ஏறி, இரண்டாம் நாள் பினாங்கு, மூன்றாம் நாள் புக்கெட், நான்காம் நாள் முழுவதும் கடலில், ஐந்தாம் நாள் காலை மீண்டும் சிங்கப்பூர் என்பது பயணத் திட்டம். என் பெற்றோர், நானும் கணவரும், எங்கள் இரு பிள்ளைகள், சிங்கப்பூரில் பணிபுரியும் தம்பி, அவன் மனைவி என மூன்று கேபின்களில் தங்குகிறோம்.

இரவு உணவு நேரத்தை இந்த வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பயண முகவர் கேட்கிறார். நிலையான நேரம் என்றால் மாலை 5.30 அல்லது இரவு 8.00, நான்கு இரவும் அதே மேசை, அதே பரிமாறுபவர்கள். விருப்ப நேரம் என்றால் மாலை 5.30 முதல் 9 மணி வரை எப்போது வேண்டுமானாலும் உணவுக்கூடத்துக்குச் செல்லலாம், ஆனால் மேசை காலியாகும் வரை காத்திருக்க நேரலாம். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான்.

அப்பாவுக்கு 74 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்; காலையும் இரவும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வீட்டில் இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார். சென்ற ஆண்டு உறவினர் திருமணத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டு பந்திக்காகக் காத்திருந்தபோது, இலை போடத் தாமதமாகி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. அருகில் இருந்தவர் சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்ததால் தப்பினோம். அந்த அரை மணி நேரத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “முதல் பந்தியோ கடைசிப் பந்தியோ, எதுவாக இருந்தாலும் முன்பே சொல்லிவிடு, இலைக்காக என்னைக் காக்க வைக்காதே.”

அம்மா சுத்த சைவம். பயணத்தின் நடுவில் கிருத்திகை வருகிறது. அன்று வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார். வள்ளிமலைக்கும் இரத்தினகிரிக்கும் விடாமல் சென்று வருபவர் என்பதால், கப்பலில் இருக்கிறோம் என்று அந்த விரதத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளோ நீச்சல் குளத்தையும் மேடை நிகழ்ச்சிகளையும் விட்டு 5.30 மணிக்கு உணவுக்கு வர மாட்டோம் என்கிறார்கள். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1: குடியாத்தம்

சகோதரி, நாங்கள் ஆறு பேர் சென்றபோது விருப்ப நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். சுதந்திரமாக இருக்கும் என்று எண்ணினோம். ஆனால் ஏழு மணிக்குக் கப்பலில் பாதிப் பேர் அதே எண்ணத்தோடு வந்து நின்றார்கள். இருவராக வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே சென்றுகொண்டிருக்க, ஆறு பேர் ஒன்றாக அமரும் மேசை கிடைக்க நாங்கள் நாற்பது நிமிடம் நின்றோம். இரண்டாம் நாள் பொறுமையிழந்து, மேல் தளத்தில் இருந்த பஃபேயில் சாப்பிட்டோம். உங்கள் தந்தையின் நிலையில் உள்ளவரை அந்த வரிசையில் நிறுத்த வேண்டாம்.

பதில் 2: கப்பலில் பரிமாறுபவராகப் பணியாற்றியவர், வாலாஜாபேட்டை

அம்மா, நான் ஏழு ஆண்டுகள் இத்தகைய கப்பல்களின் உணவுக்கூடத்தில் வேலை செய்தவன். அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது உங்களுக்கு எளிதாகும்.

நிலையான நேரத்தில் ஒரு பரிமாறுபவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் குறிப்பிட்ட சில மேசைகள் மட்டும் ஒதுக்கப்படும். அந்த மேசைகளில் அமர்பவர்கள் பயணம் முழுவதும் மாற மாட்டார்கள் என்பதால், முதல் இரவில் நீங்கள் சொல்வதை இரண்டாம் இரவில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்குச் சர்க்கரை இல்லாத இனிப்பு, யாருக்குக் காரம் கூடாது, யாருக்கு அமர்ந்த உடனே ரொட்டி வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கும். விருப்ப நேரத்தில் ஒவ்வோர் இரவும் வேறொருவரிடம் முதலிலிருந்து சொல்ல நேரலாம். குறிப்பாக, உங்கள் தாயாரின் கிருத்திகை உணவுக்கு இது முக்கியம். வெங்காயம், பூண்டு இல்லாத உணவைக் கேட்ட நிமிடத்தில் சமைத்துத் தர முடியாது. முந்தைய இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொன்னால் சமையலறைக்குக் குறிப்புப் போய்விடும். சமண உணவு என்று சொன்னால் ஆசியக் கடல்களில் செல்லும் கப்பல்களில் உடனே புரிந்துகொள்வார்கள். முகவர் மூலமாக இப்போதே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தும் வையுங்கள்.

5.30 மணிப் பந்தியில் ஒரு குறை உண்டு. அதே மேசைகளைத்தான் 8 மணிக்கு வருபவர்களுக்குத் துடைத்து, விரித்து, புதிதாக அடுக்க வேண்டும் என்பதால், ஏழரைக்குள் உங்களை எழுப்பிவிட வேண்டிய நெருக்கடி எங்களுக்கு இருக்கும். யாரையும் எழுந்திருங்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் தட்டுகள் விரைவாக வரும், விரைவாகப் போகும். 8 மணிக்கு வருபவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. அதோடு, பினாங்கில் இரவு வரை கப்பல் நிற்கும் பயணமாக இருந்தால், 5.30 மணிக்கு மேசையில் அமர வேண்டியவர்கள் ஜார்ஜ் டவுனை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மூன்று கேபின்களுக்கும் மூன்று தனித்தனிப் பதிவு எண்கள் இருந்தால், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். இணைக்காவிட்டால், நேரம் ஒன்றாக இருந்தாலும் மேசைகள் வேறு வேறாகிவிடும். எட்டுப் பேருக்குத் தனி மேசை என்றும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கப்பல் ஏறிய அன்று பிற்பகலிலேயே உணவுக்கூடத்துக்கு நேரில் சென்று மேசை எண்ணைச் சரிபாருங்கள். மாற்றங்களுக்காகத் தலைமைப் பரிமாறுநர் அன்று அங்கே இருப்பார். இரவு உணவு தொடங்கிய பிறகு சென்றால் அவரால் அதிகம் செய்ய முடியாது.

பதில் 3: ஓய்வு பெற்ற செவிலியர், இராணிப்பேட்டை

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் தந்தையின் மருத்துவரை ஒரு முறை பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னதாக இருக்கிறது. அங்கே மாலை 5.30 என்றால் நமக்குப் பிற்பகல் 3 மணி. அங்கே இரவு 8 என்றால் நமக்கு மாலை 5.30. சென்று இறங்கிய மறுநாளே கப்பல் ஏறினால், மதிய உணவு செரிக்கும் முன்பே இரவு உணவுக்கான ஊசியைப் போட வேண்டிய நிலை வரும். சில நாள் முன்னதாகவே உங்கள் தம்பி வீட்டுக்குச் சென்று தங்கினால் உடல் அந்த நேரத்துக்குப் பழகிவிடும்.

அரை மணி நேரம் முன்பு போடும் வகை இன்சுலின் என்றால், கேபினில் போட்டுக்கொண்டு புறப்படுவது ஆபத்து. மின்தூக்கிக்குக் காத்திருப்பது, வழி தவறுவது, உணவுக்கூட வாசலில் நிற்பது என்று அந்த அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிடும். மேசையில் அமர்ந்து, உணவு சொல்லி, ரொட்டி கண்ணெதிரே வந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா, அல்லது உணவுடன் சேர்த்துப் போடும் வகைக்கு மாறலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாற்றக் கூடாது. இரவு 8 மணியைத் தேர்ந்தெடுத்தால் மாலையில் ஒரு சிற்றுண்டி வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். குளுக்கோஸ் பொடியோ மிட்டாயோ எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அன்று மாலையிலோ இரவிலோதான் கேபின் வாசலுக்கு வரும். அதற்குள் முதல் இரவு உணவு நேரம் வந்துவிடக்கூடும். கேபினில் உள்ள சிறிய குளிர்பெட்டி பல கப்பல்களில் பானங்களுக்கானது. இன்சுலினுக்குப் போதிய குளிர்ச்சி இருக்கும் என்று நம்ப முடியாது. மருந்துக்கான குளிர்பெட்டியையும், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டியையும் கேட்டால் தருவார்கள்.

பதில் 4: ஆம்பூர்

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து. நானும் மனைவியும் விருப்ப நேரத்தைத் தேர்ந்தெடுத்து, கப்பலின் செயலியில் ஒவ்வோர் இரவுக்கும் 7 மணிக்கு மேசையை முன்பதிவு செய்துகொண்டோம். நாங்கள் எங்கும் காத்திருக்கவில்லை. அதே பரிமாறுபவரின் மேசை வேண்டும் என்று கேட்டபோது, நான்கில் மூன்று இரவுகள் கிடைத்தது. உங்கள் தந்தை வீட்டில் ஏழரைக்குச் சாப்பிடுபவர் என்றால் 5.30-ம் பொருந்தாது, 8-ம் பொருந்தாது. 7 மணி முன்பதிவே அவர் வழக்கத்துக்கு நெருக்கமானது. முன்பதிவு செய்யாமல் விருப்ப நேரத்தை நம்புவதுதான் தவறு என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆம்பூர் ஐயா சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்திருந்ததால், எட்டுப் பேருக்கு நான்கு இரவும் 7 மணிக்கு ஒரே மேசையை இப்போதே உறுதி செய்ய முடியுமா என்று முகவரிடம் கேட்டேன். வேண்டுகோளாகக் குறித்துக்கொள்ளலாம், உறுதி தர முடியாது என்றார். இருவருக்கு எளிதாகக் கிடைப்பது எட்டுப் பேருக்குக் கிடைக்காது என்பது குடியாத்தம் சகோதரி எழுதியதிலிருந்தும் தெரிகிறது.

நேற்று மருத்துவரைப் பார்த்தோம். மாலை ஐந்தரைக்குச் சுண்டலோ இரண்டு பிஸ்கட்டோ எடுத்துக்கொண்டு இரவு 8 மணிக்குச் சாப்பிடுவதில் தடையில்லை என்று கூறி, பயணத்துக்கு மட்டும் உணவுடன் போடும் இன்சுலினை எழுதிக் கொடுத்து, அதைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கச் சொன்னார். எனவே 8 மணி நிலையான நேரம் என்று தெரிவித்துவிட்டேன். மூன்று பதிவுகளையும் இணைக்கச் சொல்லி எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர், பயணம் முடிந்து

ஊர் திரும்பிவிட்டோம். இதே ஐயத்துடன் வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

எழுதிக் கொடுத்தும், தம்பியின் பதிவு இணைக்கப்படாமலே இருந்தது. ஏறிய அன்று இரண்டு மணிக்கே உணவுக்கூடத்துக்குச் சென்று பார்த்ததால்தான் அவர்களுக்கு வேறு தளத்தில் மேசை ஒதுக்கியிருந்தது தெரிந்தது. தலைமைப் பரிமாறுநர் பத்து நிமிடத்தில் எங்களைச் சுவரோரமாக இருந்த ஒரே மேசைக்கு மாற்றிக் கொடுத்தார். வாலாஜாபேட்டை அண்ணன் சொல்லியிராவிட்டால் இரவு 8 மணிக்குத்தான் இதை அறிந்திருப்போம்.

நான்கு இரவும் நாங்கள் அமர்ந்த சில நிமிடங்களில் அப்பா முன் ரொட்டிக் கூடை வந்தது. முதல் இரவு மட்டுமே நான் கேட்க வேண்டியிருந்தது. கிருத்திகையன்று அம்மாவுக்குச் சோறும் வெங்காயம், பூண்டு சேர்க்காத பருப்பும் காய்கறியும் தனியாக வந்தன. முந்தைய இரவு சொல்லி வைத்ததோடு சரி. 8 மணிக்குச் சாப்பிடுபவர்களுக்கு மேடை நிகழ்ச்சி உணவுக்கு முன்பே நடந்ததால் பிள்ளைகளுக்கும் எதுவும் தவறவில்லை.

யாரும் எச்சரிக்காத ஒன்று புக்கெட்டில் நடந்தது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னதாக இருக்கிறது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. அப்பாவின் கைப்பேசி மட்டும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பலில் 7.45 ஆனபோது அவருடைய கைப்பேசி 6.45 காட்டியதால், இன்னும் நேரம் இருக்கிறது என்று கேபினிலேயே படுத்திருந்தார். நான் சென்று அழைத்து வந்தேன். ஊசியை மேசையில்தான் போடுவது என்று வைத்திருந்ததால் தீங்கு ஏதும் நேரவில்லை. கைப்பேசியில் நேரம் தானாக மாறும் அமைப்பை ஏறிய அன்றே நிறுத்திவிட்டு, பெரியவர்கள் கையில் கப்பல் நேரத்துக்குத் திருப்பிய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிவிடுங்கள். நான்காம் நாள் அப்பா என் கணவரின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, 7.50-க்கே எங்களுக்கு முன்னால் மேசையில் போய் அமர்ந்திருந்தார்.