மில் மிசினுக்கு அடியில ரப்பர் பேட்: ஓட்டை போட்டா சத்தம் ஏன் குறையுது, பிறகு ஏன் திரும்ப வருது?

தேவகோட்டை_மில்:
அப்பச்சி காலத்து மாவு மில், இப்ப நான்தான் பாக்குறேன். மிளகாய், மல்லி, கவுனி அரிசி எல்லாம் அரைக்கிறோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் வீடு. மிளகாய் மிசின் ஓடுனா உள்ள அலமாரியில இருக்கிற வெங்கலச் சாமான் பூரா கிணுகிணுங்கும். நாலு காலுக்கும் ரப்பர் பேட் வச்சோம், 150க்கு 150 மில்லி, 12 மில்லி கனம். கல்லு மேல வச்ச மாதிரியே இருந்துச்சு. அப்புறம் மெக்கானிக் ஒவ்வொரு பேட்லயும் 12 மில்லியில 16 ஓட்டை போட்டார். அன்னைக்கே சத்தம் அடங்கிருச்சு. மூணு பேட்ல வட்ட ஓட்டை. நாலாவதுக்கு வரும்போது பஞ்ச் உடைஞ்சு போச்சுன்னு கூட வந்த பையன் உளியால சதுரமா வெட்டிட்டான்.

இப்ப, ஆறு மாசத்துல, சதுர ஓட்டைக்காரப் பேட் மூலையில கிழியுது. அதுகூடப் பரவாயில்லை, வெங்கலச் சாமான் மறுபடி கிணுகிணுங்குது. ரப்பர் இறுகிப் போச்சா? அசல்ல ஓட்டை போட்டதும் ஏன் சத்தம் குறைஞ்சுச்சுன்னே எனக்குப் புரியலை.

கல்லல்_ஸ்பாஞ்ச்:
ரப்பரைத் தூக்கிப் போட்டுட்டு மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் வைங்க. மெத்துனு இருக்கும்.

பழைய_ஃபிட்டர்_காரைக்குடி:
ஸ்பாஞ்ச் வேண்டாம் ஆச்சி. மிசின் கனத்துக்கு அது அப்பளமா ஒட்டிப் போகும். உள்ள ஓட்டையே இல்லாம நசுங்குன ஸ்பாஞ்ச் வெறும் ரப்பர் தகடுதான்.

உங்க கேள்விக்கு வர்றேன். ரப்பரை நாம மெத்துன்னு நினைக்கிறோம், ஆனா அளவுல அது சுருங்கவே சுருங்காது, ஏறக்குறைய தண்ணி மாதிரி. மேல அமுக்குனா பக்கவாட்டுல பிதுங்கணும். அதிரச மாவைத் தட்டும்போது ஓரம் விரியுதில்ல, அதான். உங்க பேட் அகலம், கனம் கம்மி. நடுவுல இருக்கிற ரப்பர் ஓரத்துக்கு வர வழியில்லை, மேலயும் கீழயும் பிடிப்பு வேற. அதான் கல்லு. ஓட்டை போட்டா நடுவுல இருக்கிற ரப்பருக்கும் பக்கத்துலயே ஒதுங்க இடம் கிடைக்குது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். மேல கனம் ஏறுற பரப்பை, பிதுங்கச் சும்மா இருக்கிற பரப்பால வகுக்கணும். ஓட்டை இல்லாம 3.1. பதினாறு வட்ட ஓட்டையோட 1.4. பேட்டோட விறைப்பு இந்த எண்ணோட வர்க்கத்தை ஒட்டிப் போகுது, அதனால கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கா இறங்கிருக்கு. வெட்டி எடுத்த ரப்பரோ நூத்துக்கு எட்டுதான்! முப்பது வருசம் கேஸ்கெட் வெட்டுனவன் நான், எனக்கே முதல் தடவை நம்ப முடியலை.

ஒண்ணு சொல்லுங்க. ஓட்டைக்குள்ள இப்ப என்ன இருக்கு?

மெக்கானிக்கல்_மூணாம்வருசம்:
ஆச்சி, கிழிசலுக்கு நான் சொல்றேன். பெல்ட் இழுக்கிற திசையில பேட்டும் பக்கவாட்டுல இழுபடும். அகலமான தகட்டுல வட்ட ஓட்டை இருந்தா அதோட விளிம்புல தகைவு, அதாவது அந்த இடத்துல ரப்பர் மேல ஏறுற இழுப்பு, மத்த இடத்தைவிட 3 மடங்கு. ஓட்டை பெருசா சிறுசாங்கிறதே கணக்குல வராது. 1898ல கிர்ஷ்னு ஜெர்மன் எஞ்சினியர் போட்ட கணக்கு. 1913ல இங்லிஸ் நீள்வட்டத்துக்குப் போட்டார்: இழுவைக்குக் குறுக்கா ஓட்டையோட நீளம் அகலத்தை விட 10 மடங்குன்னா, முனையில 21 மடங்கு. உளி வெட்டுன மூலை அந்த மாதிரி முனைதான். நல்லா இழுபட்ட ரப்பர்ல முனை தானா மழுங்கும், எண் அப்படியே வராது. ஆனா கிழிசல் மூலையிலதான் தொடங்கும்.

தேவகோட்டை_மில்:
ஃபிட்டர் அண்ணே, மிசினை ஜாக்கி வச்சுத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டை எங்கன்னே தெரியலை! ஆறு மாச மிளகாய்த் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள போய் இறுகிக் கிடக்கு. ஸ்க்ரூ டிரைவரால குத்துனா சிவப்பா சாந்துப்பொட்டு டப்பா மாதிரி வில்லை வில்லையா விழுது. தும்மித் தும்மி கண்ணு மூக்கெல்லாம் எரியுது.

பழைய_ஃபிட்டர்_காரைக்குடி:
நினைச்சேன். ரப்பர் இறுகலை ஆச்சி, ஓட்டை அடைஞ்சு போச்சு. ரப்பர் ஒதுங்க வேண்டிய இடத்துல தூள் உக்காந்துருச்சு. ஆடுற மிசினுக்கு அடியில தூள் எப்படியும் ஊர்ந்து போயிரும். சோப்புத் தண்ணியில கழுவிக் காய வைங்க. மறுபடி வைக்கும்போது பேட்டோட மேலயும் கீழயும் பழைய சைக்கிள் டியூபை ஒரு சுத்து வெட்டி ஓட்டை மூடுற மாதிரி ஒட்டுங்க. உள்ள காத்து மாட்டிக்குமேன்னு யோசிக்காதீங்க, காத்து அமுங்கும்.

நாலாவது பேட் புதுசாவே போடுங்க. பஞ்சுக்கு அடியில புளியங்கட்டை, வாயில சோப்புத் தண்ணி, ஒரே அடி. ரெண்டு ஓட்டைக்கு நடுவுல ஒரு ஓட்டை அளவாவது ரப்பர் நிக்கணும். புதுசு வர்ற வரைக்கும் கிழிசல் நுனியில 3 மில்லி பஞ்ச்சால வட்டமா ஒண்ணு போட்டு வைங்க, கொஞ்ச நாள் தாங்கும்.

தேவகோட்டை_மில்:
மூணு பேட் கழுவி வச்சாச்சு. காலையில பத்து கிலோ மிளகாய் ஓட்டுனேன், அலமாரியில ஒரே ஒரு சொம்பு மட்டும் ஆடுது. நாலாவது கால் பக்கத்து சொம்பு.