கண்காட்சியில் பேன்டம் பெட்டை வாங்கப் போகிறோம், கூண்டு முன்னால் நின்று என்ன பார்ப்பது? (இங்கிலாந்து)

கவென்ட்ரி வாசி (கேள்வி)

வணக்கம். பின்தோட்டத்தில் மூன்று ஹைப்ரிட் (முட்டைக்கான கலப்பினப் பண்ணைக் கோழி) பெட்டைகள் இருக்கின்றன. ஒன்றரை வயது, பண்ணையில் தடுப்பூசி போட்டே கொடுத்தார்கள். கூட மூன்று பேன்டம் (சின்ன உருவக் கோழி) பெட்டை சேர்க்கலாம் என்று யோசனை. பிள்ளைகளுக்குப் பீகின், செப்ரைட் என்ற இரண்டு இனமும் பிடித்திருக்கிறது. நவம்பரில் டெல்ஃபோர்டில் நடக்கும் தேசியக் கோழிக் கண்காட்சிக்குப் போவதா, பக்கத்து ஊர் கிளப் நடத்தும் சின்ன ஷோ போதுமா? பரிசு அட்டை தொங்கும் கோழியைக் கேட்டு வாங்கலாமா? வாங்கி வந்த அன்றே பழைய கோழிகளோடு விடலாமா? சேவல் வேண்டாம், பக்கத்து வீடு ஒட்டியே இருக்கிறது.

செங்கொண்டை

பெரிய ஷோ, சின்ன ஷோ என்பதை விட விற்பனைப் பிரிவு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எல்லா ஷோவிலும் இருக்காது. ஷோ அட்டவணையிலேயே போட்டிருப்பார்கள், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சல் கட்டுப்பாடு வந்தால் கோழிகளை ஓரிடத்தில் கூட்டவே தடை விழும், கடைசி வாரத்தில்கூட ரத்தாகும்.

பரிசு அட்டைக்கு மயங்காதீர்கள். அட்டை சொல்வது வடிவமும் நிறமும் இனத்தின் இலக்கணத்துக்கு ஒத்திருக்கிறது என்பதை மட்டும். முட்டை, நோய் எதிர்ப்பு, குணம் எதையும் நடுவர் பார்ப்பதில்லை. உங்களுக்கு லாபமானது அந்த இலக்கணத்தில் தோற்ற கோழி. கொண்டையில் ஒரு பல் கூட, இறகில் வேறு நிறம் ஒன்றிரண்டு, காலில் முடி குறைவு என்று வளர்ப்பவர் கழித்துவிடும் பெட்டைகள் விற்பனைக் கூண்டில் மலிவாக நிற்கும். கொல்லையில் மேய இவற்றால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அலகு குறுக்காக இருப்பது, வால் ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பது, முதுகு கூன், விரல் கோணல் ஆகியவற்றைத் தள்ளுங்கள். "சும்மா வளர்க்கத்தானே" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அலகு குறுக்கு வயது ஏற ஏற மோசமாகும், தீனி எடுக்க முடியாமல் இளைத்துப்போகும்.

முக்கியமான விஷயம், ஷோவுக்கு வரும் கோழி அலங்காரம் செய்த கோழி. இரண்டு மூன்று நாள் முன்பே ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி உலர்த்தி, கொண்டையிலும் தாடியிலும் காலிலும் வாஸ்லீனோ பேபி ஆயிலோ தடவிக் கொண்டுவருவார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, போட்டிக்கு அதுதான் வழக்கம். ஆனால் கால் செதில் தூக்கியிருப்பதை எண்ணெய் படிய வைத்துவிடும், வெளிறிய கொண்டை சிவந்தது போல் மினுங்கும். அதனால் ஒரு டிஷ்யூ கையில் வைத்திருங்கள். காலைத் துடைத்துவிட்டு, கட்டைவிரலைப் பாதத்திலிருந்து மேல்நோக்கி நகர்த்துங்கள். நல்ல காலில் செதில் வழுக்கும். செதிலுக்கு அடியில் செல் (மைட் என்னும் நுண்பூச்சி) புகுந்த காலில் நகம் தட்டும், செதில் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு இருக்கும். பீகின் மாதிரி காலில் இறகுள்ள இனத்தில் அந்த இறகை ஒதுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது அடிப்பக்கம். எச்சத்துவாரத்தைச் சுற்றிய இறகைப் பிரியுங்கள். இறகின் அடிக்காம்பில் உப்புக்கட்டி ஒட்டியது போல் வெள்ளைத் திரள் இருந்தால் அது பேன் முட்டை. குளிப்பாட்டினாலும் அது போகாது. இறகு அழுக்கேறியது போல் சாம்பல் நிறத்தில் இருந்து, உங்கள் கையில் புள்ளி புள்ளியாக ஏறினால் நார்தர்ன் ஃபவுல் மைட். ராத்திரி மட்டும் வந்து கடித்துவிட்டுக் கூண்டு இடுக்கில் ஒளியும் சிவப்புச் செல் வேறு, இது கோழி உடம்பிலேயே குடியிருக்கும். அந்தக் கோழியை விட்டுவிடுங்கள்.

பிறகு நெஞ்செலும்பு. இரு பக்கமும் சதை இருக்க வேண்டும், எலும்பு கத்தி விளிம்பாகத் தட்டினால் வேண்டாம். இறகு பந்தாக இருக்கிறதே என்று கண்ணை நம்பாதீர்கள், பீகின் பார்க்கக் கொழுகொழு என்றிருக்கும், பெட்டையின் நிர்ணய எடையே 570 கிராம்தான்.

கடைசியாக முகம். கண் ஓரத்தில் சோப்பு நுரை போலக் குமிழி, ஒரு பக்க மூக்கில் ஈரம், கண்ணுக்குக் கீழே வீக்கம், தும்மல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சு நோய்க் கிருமியாக இருக்கலாம். மருந்தில் அடங்கும், கிருமி ஆயுள் முழுக்கத் தங்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். பக்கத்துக் கூண்டுக் கோழிகளையும் இரண்டு நிமிடம் நின்று கேளுங்கள். அந்த வரிசையில் தும்மல் கேட்டால் வேறு வரிசைக்குப் போவதே நல்லது.

கூண்டைத் திறந்து நீங்களே எடுக்கக் கூடாது. விற்பவரையோ ஸ்டூவர்டையோ (ஷோ உதவியாளர்) எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்துத் தர யோசிக்கிறவரிடம் வாங்க வேண்டாம். பணம் பெரும்பாலும் விற்பனை மேசையில் கட்டி ரசீது வாங்கியபின்தான் கோழி கைக்கு வரும்.

பஞ்சாரம்

அண்ணன் கோழியைப் பற்றி எல்லாம் சொல்லிட்டார். நான் கவலைப்படுறது உங்க பழைய மூணு ஹைப்ரிட்டால புதுசுக்கு என்ன வரும்னுதான்.

பண்ணை ஹைப்ரிட்டுக்கு மாரெக்ஸ் (கட்டியும் கால் முடக்கமும் வர்ற வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டிருப்பாங்க. அந்த ஊசி கோழிக்குக் கட்டி வராம காக்கும், வைரஸ் உடம்புக்குள்ள வர்றதையோ வெளியே போறதையோ நிறுத்தாது. இறகுத் தூசியில வைரஸை உதிர்த்துக்கிட்டே இருக்கலாம், அந்தத் தூசியில வைரஸ் கூட்டுக்குள்ள மாசக்கணக்கில் உயிரோட கிடக்கும். ஷோ பேன்டம்ல பெரும்பாலானதுக்கு இந்த ஊசி போட்டிருக்காது. காரணம் எளிது. மருந்து 1000 டோஸ் குப்பியா வருது, கலக்கினா ஓரிரண்டு மணி நேரத்துல தீர்த்துடணும், முதல் நாள் குஞ்சுக்குப் போட்டாத்தான் பலன். பத்து குஞ்சு பொரிக்கிறவர் யாரு அதுக்குச் செலவழிப்பா? சில்கி, செப்ரைட், பீகின் மூணும் இந்த நோய்க்கு எளிதில் விழற இனம்னு பேர் வாங்கியிருக்கு. ஒரு கால் முன்னால, ஒரு கால் பின்னால நீட்டிக்கிட்டு விழுந்து கிடக்கும், ஒரு றெக்கை தொங்கும். வைத்தியம் கிடையாது.

அதனால ரெண்டு கேள்வி கேளுங்க. மாரெக்ஸ் ஊசி போட்டதா? போடலைன்னா, இதுங்க வளர்ந்த இடத்துல ஹைப்ரிட் கோழியும் சேர்ந்து நின்னுதா? நோய் பெரும்பாலும் இளம் வயசுல, முட்டைக்கு வர்ற காலத்தையொட்டித் தலைகாட்டும். அதனால 10 வார விடையை (முட்டைக்கு வராத இளம் பெட்டையை) விட, கலந்த கூட்டத்துல வளர்ந்து 7, 8 மாசம் தாண்டின பெட்டை பாதுகாப்பு. மூடின வளையம் காலில் இருந்தா அதுல வருஷம் அச்சடிச்சிருக்கும், வயசுக்கு அதுதான் சாட்சி. குஞ்சா இருக்கும்போதுதான் அந்த வளையத்தை நுழைக்க முடியும்.

அன்னைக்கே சேர்த்து விடக் கூடாது. நாலு வாரம் தனியா வைங்க, ஒரே காற்று படாத தூரத்துல, தனித் தட்டு, தனி பூட்ஸ். காலையில முதல்ல பழைய கோழிக்குத் தீனி, அப்புறம்தான் புதுசு. திரும்பி வரக் கூடாது. அந்த நாலு வாரத்துல எச்சத்தைத் தபால்ல அனுப்பிப் புழு முட்டை எண்ணிப் பாருங்க. இருந்தா ஃப்ளூபென்வெட்ங்கிற புழு மருந்தைத் தீனியில கலந்து 7 நாள் தொடர்ந்து. கலவை சீரா இருக்கணும், கொஞ்சம் சமையல் எண்ணெயில பெல்லட்டைப் பிசிறிட்டுத் தூளைப் போட்டாத்தான் ஒட்டும், இல்லேன்னா எல்லாம் தட்டு அடியில போய் உட்கார்ந்துக்கும்.

இன்னொண்ணு, பதிவு பண்ணியாச்சா? 2024 அக்டோபர் 1-லேர்ந்து இங்கிலாந்து, வேல்ஸ்ல ஒரே ஒரு கோழி வெச்சிருந்தாலும் விலங்கு, தாவர சுகாதார முகமையில பதிவு கட்டாயம். காசு இல்லை. வாங்கி ஒரு மாசத்துக்குள்ள செய்யணும்.

நம்ம வீடுகள்ல எல்லாரும் பண்ற தப்பையும் சொல்லிடறேன். மிச்ச சோறு, அரிசி களைஞ்ச தண்ணி, காய் நறுக்கின தோல் போடறது இங்கே சட்டப்படி குற்றம். சைவம் சாப்பிடற வீடா இருந்தாலும் அடுக்களைக்குள்ள போன எதுவும் கூடாது, பால்கூடப் புழங்காத முழு வீகன் வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. தோட்டத்துல பறிச்ச கீரையை அடுக்களைக்குள்ள கொண்டுபோகாம நேரா கூண்டுல போடலாம்.

கவென்ட்ரி வாசி

பதிவு செய்துவிட்டோம். சோறு விஷயம் சத்தியமாகத் தெரியாது, இன்றோடு நிறுத்தியாயிற்று. நேற்று ஒருவரிடம் செப்ரைட் விசாரித்ததில் "டிரையோதான், பிரிக்க மாட்டேன்" என்கிறார். ஒரு சேவல், இரண்டு பெட்டை. சேவலை அப்புறம் யாருக்காவது கொடுத்துவிடலாமா?

அடைக்கோழி

கொடுக்க ஆள் கிடைக்காது. ஊரெல்லாம் இலவசச் சேவல் விளம்பரம்தான். பேன்டம் சேவல் உருவம்தான் சின்னது, கூவல் கீச்சென்று சுவரைத் துளைக்கும். அயலார் புகார் கொடுத்தால் 1990-ஆம் வருட சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பலாம். வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை பாருங்கள், சில எஸ்டேட்டுகளில் கோழியே வளர்க்கக் கூடாது என்று எழுதியிருக்கும்.

செப்ரைட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சர் ஜான் செப்ரைட் 1800களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த இனத்தில் சேவலுக்கும் பெட்டை இறகுதான். மற்ற இனங்களில் முதுகின் பின்பகுதியில் கூர்மையான நீள இறகு வந்தால் சேவல், நுனி வட்டமாக இருந்தால் பெட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வளைந்த வால் இறகும் காட்டிக்கொடுக்கும். செப்ரைட் சேவலுக்கு இரண்டும் கிடையாது. "இரண்டு பெட்டை" என்று வாங்கிப் போய் ஒன்று கூவிய கதைகள் நிறைய. கொண்டை பெரிதாக, தாடி நீளமாக, கால் தடிமனாக இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே எடுக்க வேண்டும். பறக்கவும் செய்யும், வேலி மேல் ஏறும், முட்டை சொற்பம். முதல் பேன்டமாக நான் சொல்ல மாட்டேன்.

சில்கி பக்கம் மனம் போனால், ஐந்தாறு மாதம் வரை சேவலா பெட்டையா என்று வளர்ப்பவருக்கே நிச்சயம் இருக்காது. வளர்ந்த, முட்டையிடும் பெட்டையாக மட்டும் வாங்குங்கள்.

பீகின் நல்லது. நம்மூர்ச் சந்தையில் 'கொச்சின் பேன்டம்' என்று விற்பது இதைத்தான். ஆனால் இங்கே ஷோவில் போய்க் கொச்சின் என்று கேட்டால் 4, 5 கிலோக் கோழியைத் தூக்கிக் காட்டுவார்கள், இங்கே இரண்டும் தனித்தனி இனம். (கேரளத்துக் கொச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சீனத்திலிருந்து வந்தது.) பீகின் சாது, பிள்ளைகள் தூக்கலாம், பறக்காது. குறை என்னவென்றால் எப்போது பார்த்தாலும் அடைக்கு உட்காரும். சேவல் இல்லாத வீட்டில் வெறும் கூட்டை வாரக்கணக்கில் அடைகாத்து இளைத்துப்போகும். கம்பி அடித்தளக் கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தண்ணீரும் தீனியும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் அடிவயிற்றில் காற்றுப் பட்டு அடை தெளியும். முட்டைதான் முக்கியம் என்றால் வயாண்டாட் பேன்டம் கேளுங்கள், 1.3 கிலோ வரை வரும், உங்கள் ஹைப்ரிட்டுகளோடு நின்று பிடிக்கும்.

நவம்பரில் வாங்கி முட்டையை எதிர்பார்க்காதீர்கள். முட்டை நன்றாக இடப் பகல் 14 மணி நேரம் வேண்டும், டிசம்பரில் உங்கள் ஊரில் 8 மணி நேரம்கூட இல்லை. மெல்லத் தொடங்கவே பிப்ரவரி, மார்ச் ஆகும். "இப்போதே இடுகிறது" என்று சொன்னால் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பாருங்கள். பேன்டத்தில் இரண்டு விரல் நுழைந்தால் உண்மை, ஒரு விரல் இறுக்கமாக நின்றால் கதை.

செங்கொண்டை

டிரையோவைப் பிரிக்க மாட்டேன் என்றால் மாலை வரை பொறுத்துப் பாருங்கள். கூண்டு காலி செய்யும் நேரம் நெருங்கினால் திரும்பக் கொண்டுபோக மனசில்லாமல் சிலர் இறங்கி வருவார்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சேர்க்கும்போது, நாலு வாரம் முடிந்ததும் ஓட்டத்துக்கு (கோழி உலாவும் அடைப்புக்கு) நடுவே கம்பி வலை கட்டி இரண்டு வாரம் ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். பிறகு ஹைப்ரிட்டுகளில் அதிகம் கொத்துவதை இரண்டு மூன்று நாள் பிரித்து வைத்துவிட்டு, மற்றவற்றோடு புதுசை விட வேண்டும். அது திரும்பி வரும்போது அதுதான் புதுசு. இரண்டு கிலோக் கோழி 570 கிராம் கோழியின் தலையில் கொத்தினால் மண்டை உடையும், பீகினைப் பொறுத்தவரை நிரந்தரமாகத் தனி ஓட்டமே நிம்மதி. தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வையுங்கள். பெரிய பெல்லட் வாயில் அடங்காது, முட்டைக்கோழிக்கான மினி பெல்லட் அல்லது மாவுத் தீனி, நாளைக்கு ஒன்றுக்கு 50 முதல் 70 கிராம்.

பீகினுக்குப் பரண் (ராத்திரி உட்காரும் கட்டை) 20, 30 சென்டிமீட்டர் உயரம் போதும். உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் புண் வரும். தரை சேறாக இருந்தால் கால் இறகில் மண் உருண்டை காய்ந்து கல்லாகிவிடும், நகமே பிய்ந்து வரும். மேலே கூரையும் கீழே மணலோ மரச்சில்லோ கட்டாயம். கூரை இருந்தால் பறவைக் காய்ச்சலுக்காக அடைத்து வைக்கச் சொல்லும் உத்தரவு வரும்போதும் தொல்லை இல்லை. வலை 13 மில்லிமீட்டர் வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பி வலை), அறுகோணக் கோழிவலையை நரி பல்லால் கிழித்துவிடும். அடியில் வெளிப்பக்கமாக 45 சென்டிமீட்டர் மடித்துப் பதியுங்கள்.

கவென்ட்ரி வாசி

பீகின் பெட்டையே எடுக்கிறோம், தனி ஓட்டம் போடுகிறோம். கொண்டுவர என்ன பெட்டி? பூனைக் கூடை ஒன்று இருக்கிறது.

பஞ்சாரம்

பூனைக் கூடை நல்லது, சோப்பு போட்டுக் கழுவிக் காய வெச்சு எடுத்துட்டுப் போங்க. அடியில செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் பிளந்துடும், மரச்சீவல் போடுங்க. ஒரே ஆள்கிட்ட வாங்கினதை மட்டும் ஒரே பெட்டியில வைக்கலாம், ரெண்டு பேர்கிட்ட வாங்கினா ரெண்டு பெட்டி. ஷோவில் இலவசமாத் தர்ற பழைய அட்டைப் பெட்டியை வாங்காதீங்க, மடிப்புக்குள்ள சிவப்புச் செல் உட்கார்ந்திருக்கும். காரின் பின் டிக்கியில் வைக்காம சீட்டுல பெல்ட் போட்டு வைங்க, ஹீட்டரைக் குறைச்சுடுங்க. வீட்டுக்கு வந்ததும் முதல்ல தண்ணி, அலகை ஒரு தடவை தொட்டு நனைச்சுக் காட்டுங்க, கூண்டில் கிண்ணத்துல குடிச்சுப் பழகினதுக்கு நிப்பிள் குடிப்பான் (முனையைக் கொத்தினா சொட்டுறது) தெரியாது.