புதுப்பிப்பு: தாடி ஓணானின் நடுக்கத்துக்குக் காரணம் தெரிந்தது

நாங்கள் வீட்டில் வளர்க்கும் தாடி ஓணானின் (bearded dragon என்னும் பல்லியினம்) முன்கால்கள் நடுங்குவதையும், கீழ்த்தாடை ரப்பர் போல வளைவதையும், தீனியில் நாட்டம் குறைந்ததையும் குறிப்பிட்டு மெல்பர்னிலிருந்து நான் எழுதிய பதிவின் தொடர்ச்சி இது. ஊர்வன மருத்துவத்தில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவர், எக்ஸ்-ரேயில் எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைக் காட்டி, இது வளர்சிதை மாற்ற எலும்பு நோய் என்று உறுதிசெய்தார். வெயிலில் உள்ள புற ஊதா-பி (UVB) கதிர் போதிய அளவு தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 தேவையான அளவு உருவாவதில்லை. அதனால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரிவர உறிஞ்ச முடியாமல், இரத்தத்தில் அதன் அளவைக் காக்க உடல் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், வீட்டுக்குள் விழும் வெயில் இதற்கு உதவாது.

வாய்வழி கால்சியம் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் தருகிறோம். புதிய புற ஊதாக் குழல்விளக்கைப் பொருத்தி, குளிர்காயும் இடத்தை 40 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கிறோம். விளக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தாலும் கதிரின் வீச்சு மாதங்கள் செல்லச் செல்லக் குறையும் என்பதால், எரிகிறதே என்று யாரும் தயவுசெய்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

நடுக்கம் நின்றுவிட்டது, பூச்சிகளைத் தானே துரத்திப் பிடிக்கிறது. தாடை கெட்டிப்பட இன்னும் மாதங்கள் ஆகும் என்பதால், விழுந்து எலும்பு முறியாதிருக்க, ஏறும் கிளைகளைத் தாழ்த்திவைத்துள்ளோம்.