தம்பி ஹாஸ்டலில் மெஸ்ஸுக்கே போவதில்லை. வார்டனிடம் சொல்லலாமா?

திருப்பூர்_அக்கா:

தம்பிக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ வரை எங்கள் ஊர் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இப்போது கோவைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் முதல் வருடம், ஹாஸ்டல் வாசம். அப்பா இல்லை. அம்மா ஊரில் இருக்கிறார், நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன்.

முதல் மாதம் தினமும் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டு மெஸ் சாம்பாரைத் திட்டுவான், ரூம்மேட்டின் குறட்டையை நடித்துக் காட்டுவான். தீபாவளிக்கு வந்துபோனதிலிருந்து "ம்", "சாப்பிட்டேன்", "தூக்கம் வருது", அவ்வளவுதான். போன ஞாயிறு என் ரூமுக்கு வந்தபோது ரீசார்ஜ் செய்துகொடுக்க அவன் போனை வாங்கினேன். ஜிபேயில் பத்து ரூபாய், பத்து ரூபாய் என்று வரிசையாக ஓடுகிறது. எல்லாம் ராத்திரி எட்டு, எட்டரைக்கு, ஒரே பெட்டிக்கடை. பிஸ்கட்டாம். மெஸ்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறோமே என்றால் "சும்மா பசிச்சுதுக்கா" என்கிறான்.

பஸ் ஏறும்போது "படிப்ப விட்டுட்டு உன் கம்பெனியிலயே சேர்ந்துடட்டுமா?" என்றான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு சரியில்லை. ராகிங்கா, பாடம் புரியவில்லையா, வேறு ஏதாவதா? வார்டனைக் கூப்பிட்டால் அவனுக்கு அங்கே கெட்ட பேராகிவிடுமோ என்றும் பயம்.

கரூர்க்காரன்:

இந்த வயதில் எல்லாப் பையன்களும் அப்படித்தான். அக்கா, அம்மா என்று செல்லம் கொடுத்தால் இன்னும் கெட்டுப்போவான். பத்து நாள் கண்டுக்காமல் விடுங்கள்.

பழைய_வார்டன்:

பத்து நாள் விட வேண்டாம் அம்மா. பதினோரு வருடம் துணை வார்டனாக இருந்தவன் சொல்கிறேன்.

மெஸ்ஸுக்கு வராத பையனுக்குப் பெரும்பாலும் சாப்பாட்டில் குறை இருக்காது. ஒன்று, கை கழுவும் இடத்தில் சீனியர் எவனாவது மறித்து நிற்பான். இல்லையென்றால், கூட உட்கார ஆளிருக்காது. நானூறு பேர் சத்தம் போட்டுச் சாப்பிடும் ஹாலில் தட்டோடு தனியாக நிற்பது எப்படி என்று நின்றவனுக்குத்தான் தெரியும். எங்கள் ஹாஸ்டலில் ஒருவன் தினமும் ஒன்பது மணிக்கு, அண்டா கழுவுகிற நேரத்தில் வந்து, சமையல்காரர்களோடு நின்றபடி தயிர்சாதம் சாப்பிட்டுப் போவான். தயிர்சாதப் பிரியன் என்று நானும் இரண்டு மாதம் கேலி பேசினேன். அவன் ரூமில் மற்ற மூன்று பேரும் அவனோடு பேச்சை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. சமையல் மாஸ்டருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

அதனால் போனில் விசாரிக்காதீர்கள், நேரில் போங்கள். பார்வையாளர் அறையில் உட்கார்ந்து பேசாமல், அவுட்பாஸ் போட்டு வெளியே கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். "என்னடா பிரச்சினை?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "யார்கூட உக்காந்து சாப்பிடுற?" என்று கேட்டுப் பாருங்கள். "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி பேச்சு வந்தால் சுற்றி வளைக்க வேண்டாம், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேராகக் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

ராகிங் என்று தெரிந்தால் தயங்கவே வேண்டாம். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. கல்லூரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் புகார் எண் 1800-180-5522க்கும் சொல்லுங்கள்.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு கவுன்சிலராவது (மனநல ஆலோசகர்) வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள். (நான் பார்த்த ஒரு கல்லூரியில் கவுன்சிலர் அறை பிரின்சிபால் அறைக்கு அடுத்த கதவு. எந்தப் பையன் போவான்!)

மூணாவது_வருசம்:

அக்கா, நானும் தமிழ் மீடியம், மெக்கானிக்கல்தான். முதல் செமஸ்டரில் கிளாஸில் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. மூன்று அரியர். அரியர் என்றால் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்பதுகூட அப்போது தெரியாது, வாழ்க்கையே போச்சு என்று நினைத்தேன். இன்டர்னல் மார்க் என்ன என்று மெதுவாகக் கேளுங்கள், ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு.

வார்டன் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, எல்லா வார்டனும் உங்களை மாதிரி இல்லை. எங்களுடையவர் ஒருத்தன் வீட்டிலிருந்து போன் வந்ததை ரோல்காலில் எல்லோர் முன்னாடியும் சொல்லிக் காட்டினார். முதலில் கிளாஸ் அட்வைசரைப் பாருங்கள். தம்பியிடம் சொல்லிவிட்டே பாருங்கள்.

பழைய_வார்டன்:

கோபமில்லை தம்பி. உண்மைதான்.

திருப்பூர்_அக்கா:

சனிக்கிழமை போய்வந்தேன். பிரியாணிக் கடையில் கேட்டேன், யார்கூட சாப்பிடுற என்று. ரொம்ப நேரம் எலும்பையே திருப்பிக்கொண்டிருந்தான். குறட்டைப் பையன் தீபாவளிக்குப் பிறகு வேறு கல்லூரிக்கு மாறிப் போய்விட்டானாம். அவன் ஒருத்தன்தான் இவனோடு உட்காருவானாம். கிராபிக்ஸ் பாடம் ஒன்றுமே ஏறவில்லையாம், இன்டர்னலில் 11 மார்க். ராகிங் இல்லை என்கிறான்.

நேராகவும் கேட்டேன். கை நடுங்கியது, எனக்குத்தான். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா காலைல எந்திரிக்கவே பிடிக்கல" என்றான். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து 14416க்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரு அம்மா எடுத்தார். நான் டீ வாங்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தான், டீ ஆறிப்போனது.

அட்வைசர் மேடத்தைப் பார்க்க அவனே சம்மதித்தான். திங்கட்கிழமை பதினொன்றுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன், சூப்பர்வைசர் இன்னும் பதில் சொல்லவில்லை.